கப்பி மீன்கள் மேலே வந்த காலை

மன்னார்குடிக்கு அருகே எங்கள் ஊரைச் சுற்றி மீத்தேன் எடுக்க நிலம் அளந்துகொண்டிருந்த கோடை அது. வயலில் கல் நடுவார்கள். மறுநாள் யாரோ பிடுங்கிப் போட்டிருப்பார்கள். நிலத்தடி நீரில் எரிவாயு கலந்துவிட்டதாகப் பேச்சு பரவியதும், வீட்டுக்கு வீடு ஆழ்துளைப் போர் குழாயின் வாயில் தீக்குச்சி கிழித்துப் பார்த்தார்கள். நான் செய்தியாளன், கண்ணால் பார்க்காததை எழுதுவதில்லை. என் மனைவிக்கு அப்போது ஏழாவது மாதம்.

கூடத்தில் செடிகள் வளரும் மீன் தொட்டி ஒன்று வைத்திருந்தேன். வெல்லக் கரைசலில் ஈஸ்ட் போட்டுப் புட்டியில் புளிக்கவைத்து, அதிலிருந்து வரும் கரியமில வாயுவைச் செடிகளுக்காகத் தண்ணீருக்குள் விடுவேன். விளக்கு எரியும்வரை செடிகள் அதை எடுத்துக்கொள்ளும்.

ஒருநாள் காலை எழுந்தபோது மின்சாரம் இல்லை. கப்பி மீன்கள் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்து நின்றன. முந்தின மாலைதான் போர் தண்ணீர் மாற்றியிருந்தேன். மனைவி தொட்டியையும் கையிலிருந்த தம்ளரையும் பார்த்தாள்.

"நானும் இதத்தாங்க குடிக்கிறேன்" என்றாள்.

தொட்டிக்குள் ஒட்டியிருந்த கண்ணாடிக் குமிழைப் பார்த்தேன். கரியமில வாயு அளவாக இருந்தால் அதிலுள்ள திரவம் பச்சை, மிஞ்சினால் மஞ்சள். மஞ்சளாக இருந்தது. விளக்கும் காற்று மோட்டாரும் நின்றுவிட்டன, வெக்கையில் புட்டி மட்டும் பொங்கிக்கொண்டிருந்தது என்று விளக்கினேன்.

"அது மஞ்சளானா, தண்ணியில வேற எதுவும் இல்லன்னு ஆயிடுமா?"

வாயுக்குழாயைப் பிடுங்கினேன். மாடித் தொட்டித் தண்ணீரை வாளியில் பிடித்து மீன்களை மாற்றினேன். அவை மெல்லத் தேறி நீந்தின. அது நேற்று ஏற்றிய தண்ணீர், கலந்திருந்த வாயுவெல்லாம் போயிருக்கும், கீழேயிருந்து புதிதாக வருவதைக் காட்டுங்கள் என்றாள் அவள். இளநீர் கொண்டுவந்த எதிர்வீட்டு அம்மாள் வாளியை எட்டிப் பார்த்தார்.

"பேப்பர்காரர் வீட்டு மீனே மூச்சு வாங்குது. நாங்க சொன்னா மட்டும் நம்ப மாட்டீங்க."

மதியம் மின்சாரம் வந்தது. போர் மோட்டாரைப் போட்டுவிட்டு நானும் குழாய் வாயில் தீக்குச்சி கிழித்தேன். அது எரிந்து விரலைச் சுட்டது, வேறெதுவும் பற்றவில்லை. புதுத் தண்ணீரை வேறொரு வாளியில் பிடித்து ஒரு கப்பியை விட்டோம். நாற்காலியை வாளியருகே இழுத்துப் போட்டு, அவள் வெகுநேரம் அதையே பார்த்தாள். மீன் நீந்தியது.

"பிரசவம் வரைக்கும் இது வாளியிலயே இருக்கட்டுங்க. தினம் காலையில புதுத் தண்ணி மாத்துங்க. அது நீந்தினா நான் குடிக்கிறேன்."

பிறகு அதே குழாயில் ஒரு தம்ளர் பிடித்து என்னிடம் நீட்டினாள்.

"மொதல்ல நீங்க."

குடித்தேன். கடைசி மடக்கு இறங்கும்வரை அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.