கல்தூள் பூசிய காயம்

"...புடிச்சிக்கிச்சி இல்ல? அப்புறம் எதுக்கு, மச்சான், வூட்ல உக்காந்துகினு செவுத்தப் பாத்துகினு கெடக்கணும்?" என்றார் என் மனைவியின் அண்ணன்.

மாமல்லபுரத்தில் அவருடைய கல்பட்டறை. காது உடைந்த ஒரு நந்திக்கு முன்னால், கட்டுப் போட்ட வலது காலை மரக்கட்டை மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். கையில் உளி. தரையெல்லாம் கிரைண்டர் தண்ணீரும் கல்தூளும் குழைந்த சேறு. கட்டின் நுனியிலும் அதே சாம்பல் நிறம்.

மருந்து 'பிடித்துக்கொண்டதை' அவர் கண்ணால் பார்த்தவர். நான் செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். கண்ணாடிச் சாமான் கழுவப் போனவன். காதில் விழுந்து விழுந்தே கொஞ்சம் வேதியியல் ஏறிவிட்டது. அங்கே புண்ணுக்கு வைக்க, தண்ணீர் போல இரண்டு திரவங்கள் செய்கிறோம். தனித்தனியாக வைத்தால் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். இரட்டை ஊசியில் சேர்த்து அழுத்தினால் கண்ணிமைப்பதற்குள் தெளிந்த ஜெல்லியாகிவிடும். பக்கத்தில் ரத்தம் இருந்தாலும் சதை இருந்தாலும் சீண்டாது. ஒன்றையொன்று மட்டும்தான் பிடிக்கும். "ஸ்டேஷன் கூட்டத்துல குழந்தை அவங்கம்மா புடவையை மட்டும் புடிக்கும் பாருங்க, அப்படி" என்பார் எங்கள் மேடம். இப்படி யாராவது சொல்லிவிட்டால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம்.

மச்சானுக்குச் சர்க்கரை. காலில் விழுந்த கல்சில்லு உண்டாக்கிய புண் மாதக்கணக்கில் ஆறவில்லை. மருத்துவமனையில் எல்லாம் விளக்கி, சம்மதம் கேட்டு, சோதனை முறையில் இந்த ஜெல்லை வைத்தார்கள். குழியில் அது உறைந்ததைப் பார்த்து, "அடேங்கப்பா, நம்ம செல ஒட்ற ரெசின் கூட இவ்ளோ சீக்கிரம் எறுகாது" என்று வாயைப் பிளந்தார். டாக்டர் சிரிக்கவில்லை. "உறையறதுதாங்க வேகம். சதை அது வேகத்துலதான் வளரும். காலை ஊனாதீங்க, நனைக்காதீங்க. ஓரம் தூக்குனா அன்னைக்கே வாங்க. சீழ் எலும்புக்கு இறங்கிடுச்சுன்னா பாதத்தை எடுக்கிறதைத் தவிர வழியில்ல."

மச்சான் தலையாட்டினார். ஆனால் பட்டறைக்காரருக்கு இறுகியது என்றால் வேலை முடிந்தது என்று பொருள். ஒட்டிய விரல் இறுகிவிட்டால் சிலை லாரி ஏறிவிடும்.

ஈரக்கல் வாசனைக்கு அடியில் இன்னொரு வாடை வந்தது. வாடிய பூக்கூடையைத் திறந்தது போல, லேசான இனிப்போடு. நான் குனிந்து கட்டை அவிழ்த்தேன். ஜெல்லைச் சுற்றி, மோதிரம் போல, சாம்பல் நிறத்தில் ஒரு கெட்டி வளையம்.

"இது இன்னா மச்சான்?"

"ஓரம் லேசா தூக்கிச்சி. அதான் நம்ம சரக்க வெச்சி அடைச்சிட்டேன். எப்டி கீது பாரு, ஜாயிண்டே தெரில!"

ரெசின், ஹார்டனர், கல்தூள். சிலையின் உடைந்த மூக்கை ஒட்டுகிற அதே கலவை. இது ஜோடி பார்க்காது. கல், தோல், சதை என்று கிடைத்ததையெல்லாம் பிடிக்கும். பிடிக்கும்போது சூடேறும். தெளிவாக இருந்த ஜெல் அதற்குள்ளே வடிகஞ்சி போலக் கலங்கியிருந்தது. வெளியே வர வேண்டியது வர வழியில்லாமல் உள்ளேயே தேங்கிக் கிடந்தது.

"வெக்கசொல்ல சூடு தெரிலயா?"

"இன்னா சூடு? ஒண்ணும் தெரில. சோக்கான மருந்து மச்சான் உங்க மருந்து. வலியே கெடையாது."

பட்டறையில் வேலை செய்கிறவர்கள் கிரைண்டரை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

"அந்தாண்ட திரும்பு. ரோட்டப் பாரு."

"இன்னாத்துக்கு? பஸ்ஸு கிஸ்ஸு வருதா?" என்று கிண்டலடித்துக்கொண்டே திரும்பினார். வளையத்தை ஒட்டி, பெருவிரலின் அடியில் என் விரலை வைத்து அழுத்தினேன். நகம் பதிகிற அளவுக்கு அழுத்தினேன். அந்த இடம் சுடுசோற்றுப் பாத்திரம் போலக் கொதித்தது.

"இன்னும் எவ்ளோ நேரம் ரோட்ட பாக்கறது? தொடறதுன்னா தொட்டுத் தொலை மச்சான்."

அவர் திரும்பினார். என் விரல் எடுக்கப்படாமல் அங்கேயே இருந்தது. அதைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். உளியைக் கீழே வைத்தார். என் கையை விலக்கிவிட்டு, தன் கட்டைவிரலை அதே இடத்தில் வைத்து அழுத்தினார். பிறகு இன்னும் பலமாக அழுத்தினார்.