வெறும் தண்ணீர் கப்

புழு அக்கா என்றால் அந்த ஆய்வுக்கூடத்தில் வாட்ச்மேன் முதல் டைரக்டர் வரை எல்லாருக்கும் தெரியும். சொந்தப் பெயர் அடையாள அட்டையோடு சரி.

பத்தொன்பது வருஷமாக அவள் வேலை கொசுப்புழு வளர்ப்பது. சிரிக்காதீர்கள். ஊரெல்லாம் கொசுவை விரட்ட, இவள் தட்டுத் தட்டாகத் தண்ணீர் வைத்து, நாய் பிஸ்கட்டை மாவாக இடித்துத் தூவி, கண்ணும் கருத்துமாக வளர்ப்பாள். வளர்த்துக் கொல்லக் கொடுப்பாள். எந்த மருந்தில் எத்தனை சாகிறது என்று பார்க்க வேண்டுமே! வீட்டில் கொசு கடித்தால் மட்டும் பளாரென்று ஒரு அடி. "இது நான் வளர்த்ததில்ல," என்பாள்.

அந்த வருஷம் எண்ணெய் சாரின் முறை. நாலு வருஷமாக எலுமிச்சைப் புல்லைக் காய்ச்சி வடித்து எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்த மனுஷர். ரசாயன மருந்துக்குப் பதிலாக, தேங்கிய தண்ணீரில் இதைக் கலந்தால் புழு சாகுமா என்பதுதான் அவர் கேள்வி. சோதனை சுலபம். சில கப்பில் எண்ணெய் கலந்த தண்ணீர், சில கப்பில் வெறும் தண்ணீர். ஒவ்வொன்றிலும் இருபத்தைந்து புழு. மறுநாள் எண்ண வேண்டும். வெறும் தண்ணீரில் இருப்பவை பிழைத்தாக வேண்டும். அதுவும் செத்தால், கொன்றது எண்ணெய்தான் என்று யார் நம்புவார்கள்?

செய்து பார்த்த ரெண்டு தடவையும் வெறும் தண்ணீரில் கப்புக்கு ஏழெட்டு செத்துக் கிடந்தன.

"இன்னும் ஒரே ஒரு தடவைதான் அக்கா. இதுவும் போச்சுன்னா திட்டத்தையே மூடிடுவாங்க," என்றார் எண்ணெய் சார். பாவம், அன்றைக்குச் சாப்பிடக்கூட இல்லை. அக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் வளர்ப்பு சரியில்லை என்றுதானே அர்த்தம்?

மூன்றாவது தடவை வந்தது. எண்ணெய் ஒட்டிவிடக் கூடாதென்று வெறும் தண்ணீர் கப்பைத்தான் முதலில் தயார் செய்வார்கள். அது ஆய்வுக்கூடத்துச் சட்டம். புழுவை விடுமுன் தண்ணீரில் விரலை விட்டுச் சூடு பார்ப்பாள். அது அக்கா சட்டம். குழந்தையைக் குளிப்பாட்டுமுன் பார்ப்போமே, அதே மாதிரி. கையுறை போட்டால் சூடு எப்படித் தெரியும் என்பாள். அன்று ஜன்னல் வெயில் நேரே கப்பில் விழுந்தது. விரலை எடுத்தாள். விரல் பட்ட இடத்திலிருந்து மெல்லிய எண்ணெய்ப் படலம் கலர் கலராக விரிந்தது.

விரலை மோந்து பார்த்தாள். தைலம்!

அவள் வீட்டுக்காரர் ரிட்டயரான பஸ் டிரைவர். அஞ்சு மாசமாக முட்டி வலி. தினமும் கிளம்புமுன் பத்து நிமிஷம் யூகலிப்டஸ் தைலத்தைச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் ஓடி வருவாள். சோப்புக்கு அடங்குகிற தைலமா அது!

கப்பை மாற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் எண்ணெய் சார் ஒரு வாரமாகத் தன் எண்ணெய்தான் எப்படியோ வெறும் தண்ணீருக்கும் பரவிவிட்டதோ என்று சந்தேகப்பட்டுக்கொண்டு திரிந்தார். அதை அவளால் பார்க்க முடியவில்லை.

"சார், கொன்னது நான்தான்," என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"அக்கா! எத்தனை நாள் வேலை!" என்று கத்தினார். கத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அவருக்கு வலி ரொம்பவா?" என்று கேட்டார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைய சோதனையைத் தள்ளிவைத்தார்கள்.

மறுநாள் காலை, "இன்னிக்குத் தைலம் இல்லைங்க, வெறுங்கைதான்," என்றாள் வீட்டில். அவர் தலையாட்டினார். பத்து நிமிஷம் அப்படியே முட்டியைத் தேய்த்துவிட்டாள். வேலைக்காக இந்த மனுஷரைத் தவிக்கவிடுகிறோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

அன்று சோதனை வைத்து அடுத்த நாள் எண்ணினார்கள். வெறும் தண்ணீர் கப் ஒவ்வொன்றிலும் இருபத்தைந்தும் நெளிந்தன. எண்ணெய் கப்பில் ஊசியால் தொட்டுப் பார்த்தாள், ஒன்றுகூட அசையவில்லை. எண்ணெய் சார் அவள் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

வராந்தாவுக்கு ஓடி வீட்டுக்குப் போன் போட்டாள்.

"எல்லாம் உசிரோட இருக்குங்க! ஆனா சோதனை இன்னும் ரெண்டு மாசம் நடக்கும். தைலம் தேய்க்க வேற யாரையாவது..."

"வேணாம், வேணாம். வெறுங்கையே போதும்."

"வலிக்குமேங்க."

"அந்தத் தைலம் எரியுது. மொத நாள்லேர்ந்தே எரியுது."

"அஞ்சு மாசமாவா? வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா நீ தேய்க்கறதை நிறுத்தியிருப்பியே," என்றார்.