பட்டியலின் பன்னிரண்டாவது வரி

எங்கள் தேயிலைத் தோட்டத்து முனியாண்டி கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி அனுமதி கேட்டுப் பொலிஸுக்குப் போன விண்ணப்பத்தை எழுதியது நான். ஹாலிஎல பக்கத்துத் தொழிலாளர் லயங்களில் சிங்களத்தில் பிழையில்லாமல் எழுதக்கூடியவர்கள் குறைவு. நான் உயர்தரம் வரை படித்தவள். என் கணவர் கோயில் கமிட்டிச் செயலாளர். ஆகவே கையெழுத்து அவருடையது, எழுத்து என்னுடையது.

படிவத்தில் ஊர்வலப் பாதை, நேரம், வெடி உண்டா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். கடைசியில், ‘பயன்படுத்தப்படும் பொருட்கள்’. ஸ்பீக்கரையும் ஜெனரேட்டரையும்தான் கேட்டிருக்கிறார்கள் என்று இப்போது புரிகிறது. அன்று நான் பூசைச் சாமான் எழுதிவைக்கும் கொப்பியை எடுத்து, அதில் இருந்ததை வரிவரியாகச் சிங்களத்தில் எழுதி இணைத்தேன். தேங்காய், எலுமிச்சம்பழம், சேவல், சாராயம், சுருட்டு. பன்னிரண்டாவது வரி: கஞ்சா, கொஞ்சம்.

எழுதும்போது கை நிற்கவில்லை. இதைப் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். போதைப்பொருளுக்கு எதிராகப் பாடசாலையில் உறுதிமொழி வாசித்தவள் நான். என் மகனுக்கு அப்போது ஐந்து மாதம். அவன் வளர்ந்து எந்தக் கூட்டத்தில் சேருவானோ என்று அப்போதே பயந்தவள். ஆனால் முனிக்கு வைப்பதும் அதே பொருள்தான் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அது சாமிக்கு, அவ்வளவுதான். தோன்றியிருந்தால் அந்த வரியை விட்டிருப்பேனா? அதுவும் தெரியவில்லை. பிள்ளை பிறந்ததிலிருந்து எதுவும் என் மனசுக்குள் போவதில்லை. சத்தம் கேட்கும், பதில் சொல்வேன்.

மூன்று நாள் கழித்துப் பொலிஸிலிருந்து கூப்பிட்டார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கணவரோடு நானும் போனேன். சார்ஜன் பல வருடம் தோட்டப் பக்கம் வேலை செய்தவர். தமிழ் நன்றாகப் பேசினார்; தங்கச்சி என்பதை மட்டும் சிங்களத்தில் ‘நங்கி’ என்றார்.

“இத எழுதுனது யாரு?”

“நான்தான் சேர்.”

“கொஞ்சம்னா எவ்வளவு, நங்கி?”

நான் உண்மையிலேயே யோசித்துவிட்டு, “ஒரு சுருட்டுக்குள்ள வைக்கிற அளவு சேர்” என்றேன்.

பக்கத்து மேசையில் இருந்த பொலிஸ்காரர் சிரித்துவிட்டார். சார்ஜன் சிரிக்கவில்லை.

“ஆயுர்வேத மருந்துல கஞ்சா சேக்க லைசன் இருக்கு. வெளிநாட்டுக்காரன இங்க வந்து அத ஏத்துமதிக்கு வளக்கவும் விடப் போறாங்கனு டீவியில சொல்றாங்க. ஒங்க முனிக்கு லைசன் இருக்கா?”

“எல்லயில வெள்ளைக்காரங்க நடுரோட்டுல நின்னு கேக்குறாங்க சேர். கஞ்சா மட்டுமில்ல, போதைக் காளானும் இருக்கானு கேக்குறாங்க. அவங்க நாட்டுல இப்ப அதுக்கெல்லாம் தடை இல்லையாம், இங்க மட்டும் ஏன்ங்கிறாங்க” என்றார் கணவர். முன்பு எல்ல என்ற அந்தச் சுற்றுலா ஊரில் வாடகை வேன் ஓட்டியவர்.

“அவங்க லிஸ்ட் எழுதிக் குடுக்கலியே.” சார்ஜன் கடதாசியைத் திருப்பிப் போட்டார். “நீ இப்ப ஸ்கூல் வேன் ஓட்டுறதுதானே? சாமான் அதுலயா வாறது?”

“ஐயோ, இல்ல சேர். அது பிள்ளைங்க போற வேன்.”

கணவர் பதறினார். பதினான்கு பிள்ளைகளை அவர் பதுளைப் பாடசாலைக்கு ஏற்றிப் போகிறார். எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை. கஞ்சாவோடு பெயர் சேர்ந்த வேனில் யார் பிள்ளையை ஏற்றுவார்கள்?

இனி எந்த வருடமும் அந்தப் பொருள் படைக்கப்படாது என்று சார்ஜன் எழுதித் தரச் சொன்னார். அதையும் நானே எழுதினேன். கணவர் கையெழுத்துப் போட்டார். பொலிஸ் புத்தகத்தில் அவர் பெயரையும் வேன் இலக்கத்தையும் பதிந்துகொண்டு எங்களைப் போகவிட்டார்கள்.

வெளியே வந்ததும், “ஏன் புள்ள அத எழுதுன?” என்றார் கணவர்.

“கொப்பியில இருந்துச்சுங்க.”

பிள்ளையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அதற்கு என்னைத் திட்டியிருக்கலாம்.

பூசாரி என் கணவருக்கு மாமா முறை. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். அன்று மாலையே வாசலில் வந்து நின்றார். “படிச்ச மருமக வந்தா வீட்டுக்கு வெளிச்சம்னாங்க. நீ சாமியையே புடிச்சு உள்ள போடப் பாத்துட்டியேம்மா!” லயத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பதுளைக்குப் போகும் வழியில் வேனை மறித்தார்கள். பிள்ளைகளை இறக்கி, புத்தகப் பைகளைத் திறந்து, சீட்டுக்கு அடியிலும் பார்த்தார்கள். எதுவும் இல்லை. அந்த வாரம் எல்லா வேன்களையும் சோதித்தார்கள் என்கிறார் கணவர். இருக்கலாம். நான் எழுதிய பட்டியலால்தான் என்றும் இருக்கலாம். பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு தாய் மகளுக்குக் காய்ச்சல் என்றாள். இன்னொருத்தி மகனைத் தங்கை வீட்டில் விட்டிருப்பதாகச் சொன்னாள். வெள்ளிக்கிழமை வேனில் எட்டுப் பிள்ளைகள்.

திருவிழா நடந்தது. பூசாரி மாமா வெறும் சுருட்டைப் பற்றவைத்தார். எப்போதும் போலச் சாமி வந்தது. பின்னால் ஒருவர், “இத்தன வருசம் சும்மாதான் செலவு பண்ணிருக்கோம்” என்று முணுமுணுத்தார்.

ஒரு வாரம் கழித்துக் கீழ் லயத்து அக்கா ஒருவர் வந்தார். மகளுக்குக் காய்ச்சல் என்றவர் அவர்தான். பிறப்புச் சான்றிதழில் பெயரைத் திருத்தச் சிங்களத்தில் ஒரு கடிதம் வேண்டுமாம். எழுதி, ஒவ்வொரு வரியையும் தமிழில் வாசித்துக் காட்டினேன். பிறகு கேட்டேன்.

“பிள்ளைய வேன்ல அனுப்புங்களேன் அக்கா.”

“ஒங்க வீட்டுக்காரர் மேல எனக்கு ஒன்னுமில்ல தங்கச்சி. எங்க வீட்டுல அவருதான், பொலிஸ்ல பேர் பதிஞ்ச வேன் வேணாங்கிறாரு.”

“பேர் அங்க போனது என்னாலதான் அக்கா. அவரு ஒன்னும் செய்யல.”

அக்கா கடிதத்தை மடித்துக்கொண்டு எழுந்தார். “அத நீயே வந்து அவருகிட்ட சொல்லு.”

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே இறங்கினேன். அவருடைய கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். படிவத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். சார்ஜனுக்கு நான் சொன்ன அளவைக் கேட்டதும் அவருக்குப் புரையேறிவிட்டது. வெட்கமாக இருக்கும் என்று பயந்திருந்தேன். எதுவும் இல்லை. வேறு யாருடைய கதையையோ சொல்வது போலத்தான் இருந்தது.

மறுநாள் அந்தப் பிள்ளை வேனில் ஏறியது.

பிள்ளைகளை வேனிலிருந்து நிறுத்திய வீடுகள் இன்னும் ஐந்து இருந்தன. ஒரு மாலைக்கு ஒரு வீடு என்று போனேன். அதே சொற்கள். இருவர் சரி என்றார்கள், ஒருவர் பார்க்கலாம் என்றார். நான்காவது வீட்டில், ஒரே பேச்சாக வேண்டாம் என்றுவிட்டார்கள். கடைசி வீட்டில் உள்ளே டீவி ஓடிக்கொண்டிருந்தது, கதவைத் திறக்கவில்லை. பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு மறுபடி தட்டினேன்.