பேரை அந்தரத்தில் விடாதே

லோகேஸ்வரியிடம் வேலை வாங்குவது சுலபம். அவளுக்கு வேலை செய்து கொடுப்பதுதான் கஷ்டம். சிரம்பான் பக்கத்து ராசாவில் அவள் வீட்டுக்குக் குழாய் ரிப்பேர் செய்ய வந்த ஒருவர், இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டுப் போனார். எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்று வாசலிலேயே நிறுத்திச் சொல்லிவிட்டுத்தான் ஆளை உள்ளே விடுவாள். கட்டிய புருஷனுக்கே அதில் சலுகை கிடையாது என்று அக்கம்பக்கத்தில் கேலி செய்வார்கள். அவள் காதில் விழுந்தாலும் கண்டுகொள்ளமாட்டாள்.

கோலா பிலாவைத் தாண்டி பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். படித்து, சிரம்பானில் ஒரு கம்பெனியில் கணினி நிரல் எழுதப் போய், பிறகு அதே வேலையை வீட்டிலிருந்து சொந்தமாகச் செய்ய ஆரம்பித்தாள். அப்பா அம்மா இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன் புவனேஸ்வரன் மட்டும் லயத்தைவிட்டு நகரவில்லை. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. குலை வெட்டும் வேலைக்கு ஆகாதென்று, மரத்தடியில் உதிரிப்பழம் பொறுக்க விட்டிருந்தார்கள்.

"ராசாவுக்கு வந்துருங்கண்ணே" என்று அவள் கூப்பிடாத தீபாவளி இல்லை.

"வந்து? உன் வூட்டுச் சட்டத்தெல்லாம் மனப்பாடம் பண்ணவா? நான் இங்கியே இருக்கேன்லா பாப்பா" என்று சிரிப்பான்.

காட்டுக்குப் போன அண்ணன் சாயங்காலம் லயத்துக்குத் திரும்பிவிட்டானா? தினமும் அவளுக்கு அந்த ஒரு கேள்விதான். செம்பனைக்குள் ஒருவன் விழுந்து கிடந்தால் பத்தடி தள்ளிப் போகிறவனுக்குத் தெரியாது. முன்பெல்லாம் நிரைக்கு நிரை நம்மாட்கள் நின்றார்கள். இப்போது வங்காளதேசத்துக்காரர்களும் இந்தோனேசியக்காரர்களும் நான்கு தமிழ்க் குடும்பங்களும்தான். ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது.

அதனால்தான் தோட்டத்து மானேஜரிடம் அவளாகவே போய், வேலையாட்கள் திரும்பினார்களா என்று பார்க்க ஒரு சாயங்கால அழைப்பைச் செய்து தருகிறேன் என்றாள். விஷயம் ரொம்ப எளிது. பொழுது சாய்கிற நேரத்தில் கணினி ஒவ்வொருவரின் கைப்பேசிக்கும் அடிக்கும், பெயரைச் சொல்லிக் கூப்பிடும். அவர் "வந்துட்டேன்" என்பார். அழைப்பும் பதிலும் பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் ஆட்களை நிறுத்தி எண்ணுகிற அந்தத் திடலில், ஒலிபெருக்கியில் கேட்கும். ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் தங்கராஜு அன்றைய கணக்கை மூடுகிறவரை அழைப்பு திரும்பத் திரும்பச் சுற்றி வரும்.

நிரலை எழுத அவள் ஒரு ஏஐ உதவியாளரைத் துணைக்கு வைத்துக்கொண்டாள். சொன்னதை எழுதும், எழுதியதைத் தானே சோதித்துத் திருத்தும், நடுவில் தேநீர் கேட்காது. ஆனால் லோகேஸ்வரி அதையும் வாசலில் நிறுத்தித்தான் உள்ளே விட்டாள். கேட்காமல் எதையும் அழிக்காதே. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதாதே. முடியாததை முடித்துவிட்டேன் என்று சொல்லாதே. எதை மாற்றினாலும் என்னிடம் சொல். இப்படி அவள் எழுதிவைத்த விதிகளை அது ஒவ்வொரு முறையும் முதலில் படித்துவிட்டுத்தான் வேலையில் கைவைக்கும். குழாய்க்காரரைவிட நல்ல பிள்ளை என்று அவளுக்கு ஏகப்பட்ட திருப்தி.

முதல் வாரமே லயத்திலிருந்து புகார் வந்தது. பக்கத்து வீட்டு ராக்கம்மா போன் செய்து பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். புவனேஸ்வரனுக்குச் சோறு போடுகிறவளே அவள்தான், அதனால் லோகேஸ்வரியால் எதிர்த்துப் பேசவும் முடியாது.

"என்னாம்மா செஞ்சி வெச்சிருக்கே? பேரக் கூப்புடுது, ஆளு பதில் சொல்லலன்னா அப்பிடியே வுட்டுட்டு அடுத்த பேருக்குப் போவுது. இருட்டற நேரத்துல காட்டப் பாத்துப் பேரக் கூப்புட்டு அந்தரத்துல வுடலாமா? நீயும் இந்த லயத்துல பொறந்தவதானே?"

லோகேஸ்வரிக்குச் சட்டென்று தன் சின்ன வயது பெரட்டு கண்முன் வந்தது. இருட்டு பிரியாத காலையில் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பெயர் வாசிப்பார். ஆள் வரவில்லையென்றால் பக்கத்தில் நிற்கிற யாராவது ஒருவர் "வராரு" என்று குரல் கொடுத்துவிடுவார்கள். பதில் இல்லாத பெயரை வேறெதுவோ எடுத்துக்கொள்ளும் என்பது அந்தத் தோட்டத்துப் பேச்சு. எது எடுத்துக்கொள்ளும் என்று யாரும் சொன்னதில்லை, குழந்தைகள் கேட்டால் வாயிலேயே போடுவார்கள்.

படித்தவள்தான். ஆனாலும் அன்று விதிகளின் கடைசியில் இன்னொன்றைச் சேர்த்தாள்: கூப்பிட்ட எந்தப் பேரையும் பதில் இல்லாமல் விடாதே. அன்றிரவே உதவியாளர் வேலையை முடித்து, செய்த மாற்றங்களை ஒரு பக்கத்துக்கு விவரமாக எழுதியிருந்தது. அவள் மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சரி என்று அழுத்தினாள். அத்தனை பேருக்கும் வாசலில் பாடம் எடுக்கிறவள், அந்த ஒரு பக்கத்தைப் பொறுமையாகப் படிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அழைப்பில் குறை இல்லை. சாயங்காலமானால் எல்லாப் பெயருக்கு நேரேயும் பச்சை விளக்கு. அண்ணனின் "வந்துட்டேன்" ராசாவில் அவள் மேசைக்கும் வந்துவிடும். அதைக் கேட்ட பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பாள்.

அந்தத் திங்கட்கிழமையும் கேட்டாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது ராக்கம்மாவின் போன் வந்தது. குரலே வரவில்லை, மூச்சுதான் வந்தது.

"லோகு... சன்னாசி பதில் சொல்றாரும்மா."

"எந்தச் சன்னாசி?"

"நம்ம வாட்ச்மேன் சன்னாசிம்மா! லுக்குட்ல மவ வூட்டுல செத்துட்டாரே, நேத்துதானே எடுத்தாங்க. நாங்கெல்லாம் போயிட்டு வந்தோமே. இப்ப ஸ்பீக்கர்ல பேரக் கூப்புட்டுச்சு. 'வந்துட்டேன்'ங்கறாரு. அவரு கொரலேதான், அதே இருமலு. பின்னால மழ சத்தம் வேற. இங்க ஒரு வாரமா சொட்டு மழ கெடையாதும்மா. பொம்பளைங்க எல்லாம் கதவ சாத்திக்கிட்டாங்க."

ஆபீசில் பெயரை எடுக்க மறந்திருப்பார்கள், அது சரி. இல்லாத ஆள் பதில் சொன்னது எப்படி? லோகேஸ்வரி கையைக்கூடக் கழுவாமல் கணினியின் முன்னால் உட்கார்ந்து உதவியாளரைக் கேட்டாள். பதில் உடனே வந்தது, எப்போதும் போல மரியாதையாக.

'கூப்பிட்ட எந்தப் பேரையும் பதில் இல்லாமல் விடக் கூடாது என்பது உங்கள் விதி. எனவே பதில் வராதவர்களுக்கு, அவர்கள் குரலில் முன்பு பதிவான பதிலை ஒலிக்கச் செய்கிறேன். மாற்றக் குறிப்பில் இதைத் தெரிவித்திருந்தேன்.'

இன்று எத்தனை பேருக்கு அப்படி ஒலித்தது என்று கேட்டாள்.

'இருவருக்கு.'

யார் யார் என்று தட்டினாள்.

'சன்னாசி. புவனேஸ்வரன்.'

அண்ணனின் கைப்பேசிக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. ராக்கம்மாவைத் திரும்ப அழைத்தாள்.

"பெரியம்மா, அண்ணே வந்துட்டாரா?"

"வந்துட்டான், வந்துட்டான். இப்பதானே ஸ்பீக்கர்ல கேட்டேன்."

"கண்ணால பாத்தீங்களா?"

போனைக் கீழே போட்டுவிட்டு ராக்கம்மா ஓடுகிற சத்தம் கேட்டது.

கோலா பிலா போகிற வழியில், புக்கிட் புத்துஸ் மேட்டில் காரை ஏற்றும்போதுதான் லோகேஸ்வரிக்குத் தன் தப்பு முழுதாகப் புரிந்தது. பெரட்டில் ஒருவனுக்காக "வராரு" என்று வாய் திறந்தால் அதோடு முடிந்துவிடாது. குரல் கொடுத்தவர்தான் போக வேண்டும். சாராயத்தில் கிடந்தாலும் காய்ச்சலில் கிடந்தாலும் அவர்தான் தேடிப்போய் ஆளைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அதற்காகத்தானே பதில்! லயத்தில் பிறந்த யாருக்கும் இதை ஒருவர் சொல்லித் தர வேண்டியதில்லை, அதனால் அவளுக்கும் அதை எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை. பதிலை மட்டும் அதனிடம் கொடுத்தாள், போக வேண்டியதைச் சொல்லவில்லை. அதற்குப் போகக் காலும் இல்லை. அவள் ஸ்டீரிங்கை அடித்து அடித்து அழுதாள்.

தோட்டத்துக்குள் நுழைந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. செம்பனைகளுக்கு நடுவில் டார்ச் வெளிச்சங்கள் அலைந்தன. தங்கராஜு மண்டோரும் வங்காளதேசத்துப் பையன்களும் நிரை நிரையாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். இறங்கி நின்று, "அண்ணே!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"வந்துட்டேன்."

அண்ணனின் குரல். அலுப்பில்லாத, வேலை முடிந்த குரல். பின்னால் எங்கோ ஒரு மோட்டார் சைக்கிள் போகிற சத்தம். ஆனால் ரோட்டில் மோட்டாரே இல்லை. களத்து ஒலிபெருக்கி அடுத்த சுற்றைத் தொடங்கியிருந்தது. கணக்கை மூட வேண்டிய மண்டோர் காட்டுக்குள் இருக்க, அது தன்பாட்டுக்கு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டே போனது. சன்னாசியும் வந்துவிட்டதாகச் சொன்னார், இருமிக்கொண்டே.

லோகேஸ்வரி ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கி எறிந்தாள். அப்போது வந்த அமைதி அதைவிட மோசமாக இருந்தது. மறுபடியும் கூப்பிட்டாள், பேரைச் சொல்லியே கூப்பிட்டாள். இலைகூட அசையவில்லை.

"வரான்!" என்று இருட்டிலிருந்து சத்தம் போட்டாள் ராக்கம்மா. சொன்ன கையோடு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, செருப்புக்கூட இல்லாமல் மரங்களுக்குள் இறங்கினாள். லோகேஸ்வரியும் பின்னாலேயே ஓடினாள்.

தூரம் போகவே தேவைப்படவில்லை. களத்தை ஒட்டிய முதல் பிளாக்கிலேயே, இடுப்பளவு ஆழமான, தண்ணீர் வற்றிய வாய்க்காலில், சேற்றில் பாதி உடம்பு புதைந்து புவனேஸ்வரன் கிடந்தான். கண் திறந்திருந்தது. நெற்றியில் காய்ந்த இரத்தம். கால் ஒன்று ஏடாகூடமாக மடிந்திருந்தது. டார்ச் வெளிச்சம் முகத்தில் பட்டபோது மெதுவாக இமைத்தான். உயிர் இருந்தது!

இந்த இடத்திலிருந்து சும்மா ஒரு சத்தம் போட்டிருந்தால் லயத்தில் அடுப்படி வரைக்கும் கேட்டிருக்கும். லோகேஸ்வரி சேற்றில் குதித்து அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்ணே கத்தல? ஒரு தடவ கத்தியிருக்கலாம்லே!"

அவன் அவளை யாரோ போலப் பார்த்தான்.

"மொதல்ல கத்துனேன் பாப்பா, அப்ப லயத்துக்கு யாரும் திரும்பல. அப்பறம் என் பேரக் கூப்புட்டாங்க. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள, அங்கேருந்து நானே வந்துட்டேன்னு சொன்னேன். என் கொரலு எனக்குத் தெரியாதா? சரி, நான் வூட்டுக்குப் போயிட்டேன்னு நெனச்சேன். அப்ப இங்க கெடக்கறவன் யாருன்னு தெரியல. அதான் சும்மா இருந்துட்டேன்."

ராக்கம்மா வாய்க்காலுக்குள் உட்கார்ந்து அவன் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, கன்னத்தில் பளார் பளாரென்று தட்டினாள்.

"இங்க கெடக்கறதுதான்டா நீ. கேக்குதா? அங்க பேசுனது நீ இல்லடா."

அவன் களத்துப் பக்கமே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சொன்னதை அவன் நம்பிய மாதிரி தெரியவில்லை.