ஆலமரத்தடியில் கட்டிய குடிசை

தோட்ட வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் இந்தக் குடிசை ஏது என்று கேட்கிறார்கள். சொல்கிறேன்.

ரங்கூனில் ஒரு தனியார் பள்ளிக்கூடம். நான் அங்கே தோட்டக்காரன். சேகர் ஸயா பெரிய வகுப்புக்கு அமெரிக்க இலக்கியம் நடத்துவார். வாத்தியாரை இங்கே ஸயா என்போம். அந்த வாரம் அவர் முகமே சரியில்லை. வெள்ளிக்கிழமை பிரின்சிபால் டோ மியா வகுப்பைப் பார்க்க வருகிறாராம். பாடம் பிடிக்காவிட்டால் அடுத்த வருஷம் ஸயாவுக்கு வேலை இல்லை.

ஸயா என்னிடம் வந்து மூங்கிலில் ஒரு குடிசை வேண்டும் என்றார். ஒரு ஆள் உட்காரும் அளவு போதும். அமெரிக்காவில் அந்தக் காலத்தில் சிலர் எழுதி வைத்திருக்கிறார்களாம். மரம் செடி நடுவே தனியாக உட்கார், ஊர்ப் பேச்சை விடு, உன் மனசு சொல்வதைக் கேள் என்று. பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்கார வைத்துப் பாடம் நடத்தப் போகிறார்.

"தனியாவா ஸயா? இந்த ஊர்லயா?" என்றேன்.

"ஆமாண்ணே. யாரும் கிட்ட வரக்கூடாது."

நிழல் இருக்கிறதே என்று கேட் பக்கத்து ஆலமரத்தடியில் கட்டினேன். தப்பு. ஆலமரத்தடியில் சின்னதாக ஒரு வீடு இருந்தால் இங்கே அது நாட் என்கிற காவல் சாமி குடியிருக்கும் இடம். மறுநாள் காலை உள்ளே ஒரு தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம். அதற்கடுத்த நாள் இரண்டு சீப்பு.

வெள்ளிக்கிழமை திரி என்ற பெண் முதலில் போய் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். வகுப்பு தள்ளி நின்றது. டோ மியாவும் நின்றார்.

கேட்டில் காத்திருந்த கார் டிரைவர்களுக்கு அது போதும், பெண் மேல் நாட் இறங்கிவிட்டது என்று. செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக வந்து மண்டியிட்டார்கள். முன்னால் ராஜு. மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டை ஆள், லாட்டரிப் பைத்தியம்.

"தாயே, இன்னிக்கி எந்த நம்பர் விழும்? காதோட சொல்லுங்க."

சேகர் ஸயா என் கையைப் பிடித்தார்.

திரி கண்ணைத் திறக்கவில்லை. அவன் கேட்ட பர்மியிலேயே பதில் சொன்னாள். "அங்கிள், ஏன் ஊர்ல எல்லாரையும் கேக்குறீங்க? தனியா உக்காந்து உங்க மனசக் கேளுங்க. அது சொல்லும்."

டோ மியா ஸயா பக்கம் திரும்பினார். "பாடம் டிரைவர் வரைக்கும் போயிருச்சே ஸயா" என்றார். சிரிக்கவில்லை. ஆனால் ஸயாவுக்கு வேலை நிலைத்தது.

திரி சொன்னபடியே ராஜு செய்தான். காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தனியாக உட்கார்ந்தான். மனசு ஒரு நம்பர் சொன்னது. கட்டினான். விழவில்லை. திங்கட்கிழமை ஸயாவிடம் சண்டைக்கு வந்தான்.

"என் மனசுக்கு ஒண்ணும் தெரியல ஸயா. அந்தப் புள்ளையவே மறுபடி உக்கார வைங்க."

இப்போது பரீட்சை நாளில் பிள்ளைகளே தேங்காய் வைக்கிறார்கள்.

நான் கற்றது இதுதான். தனியாக உட்கார யாராவது இடம் கேட்டால், முதலில் வேலி. பிறகுதான் குடிசை.

இந்தக் குடிசைக்கு நான் இன்னும் வேலி போடவில்லை. வாழைப்பழம் வந்துகொண்டிருக்கிறது.