மகள் பூட்டிய ஃபோல்டர்

ஞாயிறு நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் மகளின் ஜாதகத்தை அனுப்பிவிடுங்கள் என்று சுங்கை ரம்பாயிலிருந்து கல்யாணத் தரகர் அக்கா காலையிலேயே போன் செய்துவிட்டார். மூலப் பிரதி எழுத்து மங்கிப் போய்விட்டது. ஸ்கேன் செய்த நகல் மகளின் அறையில் உள்ள கணினியில், அவளுடைய ஃபோல்டரில் இருக்கிறது. அவளோ மலாக்கா டவுனில் வேலையில் இருந்தாள். கேட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள் என்று நான் கேட்கவில்லை. அவளுக்கு முப்பது ஆகப் போகிறது, எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை.

சிம்பாங் அம்பாட்டில் உள்ள எங்கள் வீட்டில் நெட்வொர்க் போட்டவன் நான். ஹாலில் மடிக்கணினியைத் திறந்து அவள் ஃபோல்டரைத் தட்டினேன். உங்களுக்கு அனுமதியில்லை என்றது. ரவுட்டரை அணைத்துப் போட்டேன். ஷேரிங் அமைப்பை இரண்டு தரம் மாற்றினேன். மனைவியின் தேவாரப் பாட்டு ஃபோல்டர் ஜம்மென்று திறந்தது, என் பழைய படங்கள் திறந்தன. மகளுடைய ஃபோல்டர் மட்டும் அசையவே இல்லை. மணி மூன்றரை. சனியன் பிடித்த கணினி என்று திட்டினேன்.

"கம்ப்யூட்டர ஏங்க திட்டுறீங்க?" என்றாள் மனைவி. மாவு கரைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மகளின் அறைக்கே போய் அந்தக் கணினியில் என் பெயரில் நுழைந்தேன். அதற்கும் அட்மின் நான்தான். ஃபோல்டரின் செக்யூரிட்டிப் பட்டியலைத் திறந்தேன். மகளுக்கு முழு உரிமை, மனைவிக்கும் முழு உரிமை. மூன்றாவதாக என் பெயர் இருந்தது. அதற்கு நேரே மறுப்புக் கட்டங்கள் எல்லாவற்றிலும் வரிசையாக டிக். யாரோ உட்கார்ந்து நிதானமாகச் செய்த வேலை.

உடனே மகளுக்குப் போன் போட்டேன்.

"நெட்வொர்க் நல்லாதான் இருக்குலா பா. உங்கள மட்டும் நான்தான் ப்ளாக் பண்ணேன். போன தடவ என்னைக் கேக்காம என் ஃபோல்டர்லேர்ந்து ஜாதகம், போட்டோ எல்லாம் எடுத்து அனுப்பிட்டு, தெங்கேராலேர்ந்து மாப்பிள்ள வீட்டு ஆளுங்கள வீட்டுக்கே வரச் சொல்லிட்டீங்க. நான் யூனிஃபார்மோட உள்ள வந்தா, தட்டோட உக்காந்திருக்காங்க. ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே அனுப்பிருப்பேன்."

எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு அவள் ஒன்றும் பேசாமல் காப்பி கொடுத்தாள். சம்மதம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.

டிக்குகளை எடுக்க அரை நிமிடம் போதும். மௌஸில் கை வைத்தும் விட்டேன். மனைவி அறை வாசலில் வந்து நின்றாள். திரையில் இருந்த பட்டியலை எதையும் மாற்றாமல் அப்படியே மூடினேன்.

மணி நாலு இருபதுக்குத் தரகர் அக்கா அழைத்தார்.

"ஜாதகம் இன்னும் வரலையே தம்பி?"

"இன்னிக்கு வராதுக்கா. மகளைக் கேக்கணும்."

"பெத்த அப்பா நீங்க, அவளைக் கேக்க என்ன இருக்கு?"

தெங்கேராக்காரர்கள் வருவதற்கு முந்தின நாள், மனைவியிடம் நான் சொன்னதும் இதே வார்த்தைதான்.