ஒரு தட்டல் அதிகம்

யாரும் இதை நம்ப வேண்டும் என்று நான் வற்புறுத்தப் போவதில்லை. ஆனால் நடந்தது. பேய் வர இருட்டு வேண்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இது நடந்தது பட்டப்பகலில். மதியம் மூன்று பத்து. அப்பாவை அடக்கம் செய்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தோம்.

அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். ஒவ்வொரு நடை முடிந்ததும் இன்ஜினை அணைத்துவிட்டுக் கடைசி வரிசைவரை நடப்பார். எல்லா சீட்டையும் உள்ளங்கையால் தட்டுவார். குனிந்து அடியில் பார்ப்பார். எந்தப் பிள்ளையாவது தூங்கிப்போயிருந்தால் எழுந்துகொள்ளும். அதன் பிறகுதான் வண்டியைப் பூட்டுவார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. எங்கள் காரில் எங்கே போய் வந்தாலும் பின்கதவைத் திறந்து தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார். தியேட்டரில் படம் முடிந்தால் நாங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிகளையும் தட்டுவார். காரில் ஐந்து சீட்டு. அப்பா ஆறு முறை தட்டுவார். ஐந்து முடிந்ததும் கொஞ்சம் நிற்பார். பிறகு பின்சீட்டின் ஓரத்தில், மெதுவாக, இன்னொன்று. எதற்கு என்று கேட்டால், "இருக்கட்டும்மா" என்பார். "அஞ்சுக்கு மேலயும் எண்ணத் தெரியும்னு காட்டிக்கிறார்" என்று அம்மா கிண்டலடிப்பாள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

என் மகளுக்கு நகம் வெட்டிவிடுவது அவர்தான். அவளுக்கு ஐந்து வயது. குட்டி என்றுதான் வீட்டில் கூப்பிடுவோம். நான் வெட்டினால் ஊரைக் கூட்டுவாள். தாத்தாவிடம் மட்டும் விரல் விரலாக நீட்டிக்கொண்டு கதை கேட்பாள்.

அன்று அடக்கத்தின்போது அப்பாவைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "நல்லவர்" என்றேன். அடுத்த வார்த்தை வரவில்லை. அழுகையும் வரவில்லை. பல் பிடுங்கப் போட்ட மரப்பு ஊசி உடம்பு முழுக்க ஏறியதுபோல இருந்தது.

திரும்பி வரும்போது அப்பாவின் காரை நான்தான் ஓட்டினேன். அம்மா முன்னால் உட்கார்ந்திருந்தாள். தம்பி பின்னால் இன்னொரு வண்டியில் வந்தான். வாசலில் வெயிலிலேயே காரை நிறுத்திப் பூட்டினேன். அம்மாவைக் கூட்டிப்போய்ப் படுக்க வைத்தேன். குட்டி தம்பியோடு வருகிறாள் என்று நான் நினைத்தேன். என்னோடு வந்துவிட்டாள் என்று அவன் நினைத்தான். இத்தனை வருடமும் எங்களுக்கும் சேர்த்து அவரே திரும்பிப் பார்த்ததால், எங்களில் ஒருவருக்கும் திரும்பிப் பார்க்கும் பழக்கமே வரவில்லை.

இப்போது இதை எழுத முடிகிறது. அப்போது எனக்கு அது உறைக்கவே இல்லை.

அப்பாவின் அறையில், அவர் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். தலையணையில் அவர் தலை வைத்த பள்ளம் அப்படியே இருந்தது. அதைத் தொட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

அப்போதுதான் கேட்டது.

தப்...

ரெக்ஸின் உறையின் மேல் உள்ளங்கை விழும் சத்தம்.

தப்... தப்...

நான் பயப்படவில்லை. அதுதான் விசித்திரம். அப்பா காரைப் பூட்டிவிட்டு வருகிறார், இதோ செருப்பைக் கழற்றுவார் என்றுதான் நினைத்தேன். அவரை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்தது நினைவிலேயே இல்லை.

தப்... தப்.

ஐந்து.

ஆறாவதற்காகக் காத்திருந்தேன். சின்ன வயதிலிருந்து காத்துப் பழகிய காது.

வரவில்லை.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. குழாய் சொட்டியது.

ஆறாவது... வரவே இல்லை.

அது வராததுதான் என்னை எழுப்பியது. சாவி என் கையில்தான் இருந்தது. கார் பூட்டியிருக்கிறது. அப்படியானால் யார்...

ஓடினேன்.

பின்சீட்டுக்கும் முன்சீட்டுக்கும் நடுவே, கீழே, குட்டி உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்து, தலைமுடி நனைந்து ஒட்டியிருந்தது. கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. தூக்கிக்கொண்டேன். உடம்பு சுட்டது. தண்ணீர் கொடுத்தேன். மடக்மடக்கென்று குடித்தாள்.

"நீயா தட்டினே?"

"தாத்தா. அக்காவும் என்னை எழுப்பினா."

எங்களுக்கு முன்பே காரில் ஏறி, கீழே படுத்துத் தூங்கிப்போயிருக்கிறாள். எந்த அக்கா என்று கேட்கவில்லை. தம்பி வந்துவிட்டான். என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. படியிலேயே உட்கார்ந்துவிட்டான். மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார்.

பிறகு தம்பியைக் காருக்குள் உட்கார வைத்து, கதவை மூடி, சீட்டைத் தட்டச் சொன்னேன். நான் அப்பாவின் அறையில் நின்றேன். பலமாகத் தட்டினேன் என்று அவன் சத்தியம் செய்தான். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

சாயங்காலம் ஹாரன் மாமா வந்தார். அப்பாவோடு சேர்ந்து வேன் ஓட்டியவர். அவர் தெருமுனையில் பேசினால் எங்கள் சமையலறையில் கேட்கும். அதனால்தான் அந்தப் பெயர். நடந்ததைச் சொன்னேன். ஆறாவது வரவில்லை என்றதும் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"உங்கப்பா உங்ககிட்ட சொன்னதே இல்லையா?"

முதல் தடவையாக அவர் மெதுவாகப் பேசிக் கேட்டேன். அப்பாவுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால், வேறு ஊரில், அவர் வேன் ஓட்டத் தொடங்கிய முதல் வருடம். விழுந்த பென்சிலை எடுக்க ஒரு பெண்குழந்தை கடைசி சீட்டுக்கு அடியில் போயிருக்கிறது. அங்கேயே தூங்கிவிட்டது. அப்பா வண்டியை வெயிலில் நிறுத்திப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். சாயங்காலம்தான் திறந்தார்.

"அந்த ஒரு தட்டு அதுக்குத்தான். இறங்கும்மா, வீட்டுக்குப் போலாம்னு தட்டுவான். இறங்கவே மாட்டேங்குதுடான்னு ஒரு தடவை என்கிட்ட அழுதான்."

நான் அப்போதும் அழவில்லை. எங்களைச் சிரிக்கவிட்டு, தானும் சிரித்துக்கொண்டு, இத்தனை வருடம் அவர் அதைத் தட்டியிருக்கிறார் என்பது மட்டும் உள்ளே எங்கோ போய் விழுந்தது. விழுந்த சத்தம் கேட்கவில்லை.

இரவு குட்டியின் பக்கத்தில் படுத்தேன். கையை எடுத்தால் நழுவிவிடுவாள் என்பதுபோல இறுக்கிப் பிடித்திருந்தேன். கேட்கக்கூடாது என்று நினைத்தேன். கேட்டுவிட்டேன்.

"அந்த அக்கா... கார்லயே இருக்காளா?"

"இல்லம்மா. நீ கதவைத் திறந்தேல்ல, அப்ப இறங்கிட்டா."

"தாத்தாகூடப் போயிட்டாளா?"

குட்டி கண்ணைத் திறக்காமல் தலையாட்டினாள். இல்லை என்று.

"நம்மகூட உள்ள வந்தா."

பிறகு என் தோளைப் பிடித்து மெல்லத் தள்ளினாள்.

"கொஞ்சம் தள்ளிப் படும்மா. அவளுக்கு இடமில்ல."

தள்ளிப் படுத்தேன்.